கொழுப்புத் துளியின் தோல்

வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களின் அறிக்கையில் இப்போது சர்வசாதாரணமாகத் தென்படும் வரி, ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’. சென்னை நகரவாசிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நூறில் 32 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதைக் கண்டது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, கொழும்பை அடுத்த ராகமையில் நடந்தது. அங்கே கிடைத்த எண் 32.6 சதவீதம். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட கணக்கில், வயது வந்தோரில் ஏறத்தாழ 38 சதவீதத்தினருக்கு இது இருக்கிறது. இத்தனை பேரிடம் காணப்படும் ஒன்றை நாம் இரண்டே விதமாகத்தான் எதிர்கொள்கிறோம். சிலர் அரண்டுபோய் எண்ணெயை அடியோடு நிறுத்துகிறார்கள். சிலர் ‘இது யாருக்குத்தான் இல்லை’ என்று அறிக்கையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரும் நம்புவது ஒன்றையேதான்: கொழுப்பு எவ்வளவோ கேடும் அவ்வளவு. கிரேடு ஏறினால் ஆபத்து, இறங்கினால் நிம்மதி. இந்தக் கணக்கு பாதிதான் சரி என்பதே என் வாதம். கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளைப் பற்றியும், அந்தத் துளிகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் புரதங்களைப் பற்றியும் கடந்த முப்பது ஆண்டுகளில் தெரியவந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், செல்லைச் சிதைப்பது சேமித்து வைத்த கொழுப்பு அல்ல, சேமிப்பின் நிர்வாகம் கெட்டுப்போவதுதான் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? தட்டில் இருக்கும் எண்ணெய் நேராகப் போய்க் கல்லீரலில் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் பொதுவான நினைப்பு. 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஃபேட்டி லிவர் இருந்த பருமனான சிலருக்கு அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் சில நாட்கள் கொடுத்து, பிறகு அவர்களுடைய கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த கொழுப்பில் 59 சதவீதம் இரத்தத்தில் மிதந்துவந்த கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. பெரும்பாலும் உடலின் கொழுப்புத் திசு பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டது அது. 26 சதவீதம் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம் மட்டுமே. ஆக, எண்ணெயை நிறுத்திவிட்டுச் சோற்றையும் இனிப்பையும் அப்படியே தொடர்கிறவர், பிரச்சினையின் சிறிய பங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். இதைவிட முக்கியமானது, கல்லீரலுக்கு வந்து சேருவது எந்த வடிவில் என்பது. தனித்து நிற்கும் கொழுப்பு அமிலம் வேதியியலில் சோப்புக்கு மிக நெருங்கிய உறவு. செல்லின் சவ்வுகளே கொழுப்பால் ஆனவை; அளவுக்கு மீறிய கொழுப்பு அமிலம் அவற்றைக் குலைத்துவிடும். வந்ததை என்ன செய்வது என்பதில் செல்லுக்கு மூன்றே வழி. மைட்டோகாண்ட்ரியாவில் எரிக்கலாம். புரதத்தில் பொதிந்து இரத்தத்துக்கு ஏற்றுமதி செய்யலாம். அல்லது மூன்று கொழுப்பு அமிலங்களை ஒரு கிளிசராலோடு பிணைத்து டிரைகிளிசரைடு ஆக்கி, ஒரு துளியாக ஒதுக்கி வைக்கலாம்.

அந்தத் துளியைத்தான் நுண்ணோக்கியில் பார்த்து ‘கொழுப்பு’ என்கிறோம். நூறு கல்லீரல் செல்களில் ஐந்துக்கு மேல் இப்படித் துளிகள் தெரிந்தால் ஃபேட்டி லிவர் என்பது மருத்துவ வரையறை. நீண்ட காலம் உயிரியலாளர்கள் இந்தத் துளியை மதிக்கவே இல்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் உட்கருவுக்கும் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டு, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். துளியின் அமைப்பே தனி வகையானது. செல்லின் மற்ற உறுப்புகளைச் சுற்றி இரட்டை அடுக்குச் சவ்வு இருக்கும். இதைச் சுற்றி ஒற்றை அடுக்கு பாஸ்போலிப்பிடு மட்டுமே. எண்டோபிளாச வலைப்பின்னலின் இரண்டு சவ்வடுக்குகளுக்கு நடுவே டிரைகிளிசரைடு திரண்டு, மொட்டுவிட்டு, பிதுங்கி வெளிவருகிறது. அது ஒழுங்காகப் பிதுங்க செய்பின் என்ற புரதம் வேண்டும். பிறவியிலேயே அந்தப் புரதம் குறைபட்டவர்களுக்கு உடலில் கொழுப்புத் திசு ஏறக்குறைய உருவாகாமலே போய், அதே சமயம் கல்லீரலில் கொழுப்பு குவிகிறது. வைக்க இடம் இல்லாத கொழுப்பு எங்கே போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இயற்கைச் சோதனை இல்லை.

துளிக்கு ஒரு தோல் உண்டு, அந்தத் தோலில் வேலை நடக்கிறது என்பது 1991இல் தெரியவந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கான்ஸ்டன்டைன் லோண்டோஸின் ஆய்வகம், கொழுப்பு செல்களின் துளிகள்மேல் போர்த்தியிருந்த ஒரு புரதத்தை அடையாளம் கண்டு அதற்குப் பெரிலிபின் என்று பெயரிட்டது. இப்போது அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். கல்லீரலில் அதிகம் காணப்படுவது பெரிலிபின்-2; துளியை மைட்டோகாண்ட்ரியாவோடு அருகருகே கட்டிவைப்பது பெரிலிபின்-5. இவை போர்வை மட்டும் அல்ல. துளியைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு, ஏடிஜிஎல் என்று பெயர். அது முழுவேகத்தில் இயங்க சிஜிஐ-58 என்ற துணைப் புரதம் வேண்டும். கொழுப்பு செல்லில் பெரிலிபின் அந்தத் துணைப் புரதத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக்கொண்டு, பட்டினியை அறிவிக்கும் ஹார்மோன் வந்தால் மட்டுமே விடுவிக்கிறது. பழைய வீடுகளின் நெற்குதிரில் அடியில் இருக்கும் சிறு மதகைத் திறந்தால் வேண்டிய அளவு நெல் இறங்கும், மூடினால் நிற்கும். குதிரின் உபயோகமே அந்த மதகில்தான் இருக்கிறது. துளியின் மேற்பரப்புப் புரதங்கள் செய்வது அந்த வேலை. எவ்வளவு உள்ளே போகலாம், எப்போது வெளியே வரலாம், வந்தது எரிக்கப்படப் போகிறதா ஏற்றுமதியாகப் போகிறதா என்பதெல்லாம் அந்தத் தோலில் தீர்மானமாகிறது.

இனி ஆதாரத்துக்கு வருவோம். 2003இல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்புத் தட்டில் இருந்த செல்களுக்கு இரண்டு வகைக் கொழுப்பு அமிலங்களைக் கொடுத்தார்கள். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலீயிக் அமிலத்தைப் பெற்ற செல்கள் துளிகளால் நிரம்பின, சாகவில்லை. பாமாயிலில் மிகுந்திருக்கும் பால்மிடிக் அமிலத்தைப் பெற்றவற்றில் துளிகள் அதிகம் உருவாகவில்லை, அவை செத்தன. ஒலீயிக்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, பால்மிடிக்கும் டிரைகிளிசரைடாகக் கட்டப்பட்டுத் துளிக்குள் போயிற்று; செல்கள் பிழைத்தன. டிரைகிளிசரைடு கட்டும் திறனே குறைந்த செல்களுக்கோ, மற்றபடி சாதுவான ஒலீயிக்கூட நஞ்சாயிற்று. கொழுத்த செல் தப்பித்தது, மெலிந்த செல் மாண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து இதே கேள்வி எலிகளிடம் போடப்பட்டது. கல்லீரலைக் கெடுக்கும் தீனியில் வளர்ந்த எலிகளுக்கு, டிரைகிளிசரைடு கட்டும் டிஜிஏடி-2 என்ற நொதியை அடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். எதிர்பார்த்தபடியே கல்லீரல் கொழுப்பு குறைந்தது. ஆனால் தனித்து நின்ற கொழுப்பு அமிலங்கள் கூடின. அழற்சியும் நார்த்தழும்பும் குறைவதற்குப் பதில் மோசமாயின. ஸ்கேன் அறிக்கை எழுதும் முறையில் எழுதினால், அந்த எலிகளின் ‘கிரேடு’ இறங்கியிருக்கும்.

அப்படியானால் செல் எப்படிச் சாகிறது? துளிக்குள் அடங்காத நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் வேறு உருவங்கள் எடுக்கின்றன. ஒரு பங்கு செராமைடு ஆகி, இன்சுலின் சொல்வதைச் செல் கேட்கவிடாமல் செய்கிறது. ஒரு பங்கு எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வில் ஏறி அதை விறைக்க வைக்கிறது. அங்கே மடிக்கப்பட வேண்டிய புரதங்கள் அரைகுறையாக மடிந்து தேங்குகின்றன. அந்தத் தேக்கம் நீடித்தால் செல் தன்னையே முடித்துக்கொள்ளும் கட்டளையைப் பிறப்பிக்கிறது. மிதமிஞ்சி எரிக்கவேண்டி வரும் மைட்டோகாண்ட்ரியா வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கசியவிடுகிறது. இப்படி அடிபட்ட செல் நுண்ணோக்கியில் ஊதிப்போய், வெளிறி, வடிவம் இழந்து தெரியும். அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கும் கெரட்டின் இழைகள் அறுந்து சுருண்டு கிடக்கும். குடியால் கெட்ட கல்லீரல்களில் அந்தச் சுருள்களை ஃபிராங்க் மாலரி 1911இல் விவரித்தார். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 1980இல், மேயோ கிளினிக்கின் யூர்கன் லுட்விக் குழு குடிக்காத 20 பேரின் கல்லீரலிலும் அதே சேதத்தைக் கண்டு, நோய்க்கு ஒரு பெயரும் வைத்தது. ஊதிய செல்கள் அனுப்பும் அபாயக் குறிகளைக் கேட்டு, பக்கத்தில் சும்மா இருந்த நட்சத்திர வடிவச் செல்கள் விழித்துக்கொண்டு நாரிழைகளைச் சுரக்கின்றன. கல்லீரலைக் கடைசியில் இறுக்குவது அந்த நார்தான்.

தட்டிலும் எலியிலும் காண்பது மனிதனுக்குப் பொருந்துமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கான பதில் மரபணு ஆய்வுகளிலிருந்து வந்தது. டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பல இனத்தவரை உள்ளடக்கி நடந்த பெரிய ஆய்வில், ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் தம் குழுவினரோடு கல்லீரல் கொழுப்பை மரபணு வேறுபாடுகளோடு ஒப்பிட்டு 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பிஎன்பிஎல்ஏ-3 என்ற புரதத்தின் 148ஆவது இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனின் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு, அது இல்லாதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஹிஸ்பானிக் மக்களிடம் அந்த வடிவத்தின் பங்கு 49 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் 23, ஆப்பிரிக்க அமெரிக்கரிடம் 17. இந்த மூன்று சமூகங்களிலும் ஃபேட்டி லிவர் இதே வரிசையில்தான் கூடிக்குறைகிறது. பின்னாளில் தழும்பு, சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் என ஒவ்வொன்றிலும் இதே மாற்றம் தலைகாட்டியது. இந்தப் புரதம் உட்கார்ந்திருக்கும் இடம் எது? கொழுப்புத் துளியின் தோல்.

அது செய்யும் கேடு நுணுக்கமானது. நான் வாசித்தவற்றில் மிகவும் அழகான துப்பறிதல் இதுதான். கெட்ட மாற்றத்தால் புரதம் வேலை செய்யாமல் போகிறது, அதனால் கொழுப்பு தேங்குகிறது என்பதுதான் முதலில் எல்லாரும் எண்ணியது. ஆனால் அந்த மரபணுவையே அடியோடு நீக்கிய எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லீரல் சுத்தமாக இருந்தது. மாறிய மனித வடிவத்தைப்போல் திருத்திய மரபணுவைச் சுமந்த எலிகளுக்கோ, சர்க்கரை மிகுந்த தீனி கொடுத்ததும் கல்லீரலில் கொழுப்பு ஏறியது. இல்லாமல் இருந்தால் நஷ்டம் இல்லை, கெட்டுப்போய் இருந்தால்தான் நஷ்டம். 2017இலிருந்து காரணம் புலப்படத் தொடங்கியது. பழையதாகும் புரதங்களுக்குச் செல் யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி அப்புறப்படுத்தும். மாறிய பிஎன்பிஎல்ஏ-3 அந்த அடையாளத்துக்குப் பிடிகொடுக்காமல் தப்பித்து, துளிமேல் நாள்கணக்கில் குவிகிறது. குவிந்து, முன்னால் பார்த்தோமே, அந்தத் துணைப் புரதமான சிஜிஐ-58ஐத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது. துளியைக் கரைக்கவேண்டிய ஏடிஜிஎல் துணையில்லாமல் நிற்கிறது. கொழுப்பு வந்தது கொஞ்சம்தான் என்றாலும் வெளியேற வழி இல்லை. ஒரு அமினோ அமிலம் மாறியதால் கல்லீரல் கெடுகிறது என்றால், கெடுவது கொழுப்பின் அளவால் என்று எப்படிச் சொல்வது? அளவு பின்விளைவு, முதலில் கெட்டது தோலின் ஏற்பாடு.

இன்னும் வலுவான சாட்சி எச்எஸ்டி17பி13 என்ற புரதம். அதுவும் துளியின் தோலில் இருப்பதுதான். பென்சில்வேனியாவில் 46,544 பேரின் மரபணுக்களைப் படித்து 2018இல் வெளியான ஆய்வில், இந்தப் புரதம் செயலிழந்த வடிவத்தைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவாக இருந்தது. ஒரு பிரதி இருந்தால் குடியால் வரும் சிரோசிஸ் 42 சதவீதம் குறைவு, இரண்டு பிரதி இருந்தால் 73 சதவீதம் குறைவு; குடி சாராத சிரோசிஸில் முறையே 26, 49 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது வேறு. திசுப் பரிசோதனையில் பார்த்தபோது, அந்தப் பாதுகாப்பு பெற்றவர்களின் கல்லீரலில் கொழுப்பு குறைவாக இல்லை. மற்றவர்களைப் போலவே இருந்தது. கொழுப்பு அப்படியே இருக்க, அது அழற்சியாகவும் தழும்பாகவும் முற்றுவது மட்டும் தடைபட்டிருந்தது. கொழுப்பையும் சேதத்தையும் பிரித்துக் காட்ட இயற்கை இதைவிடத் தெளிவாக ஒரு சோதனை செய்திருக்க முடியாது. 2022இல் ஐந்தரை லட்சம் பேரின் மரபணுக்களைத் துழாவிய மற்றொரு ஆய்வு, சைடு-பி என்ற இன்னொரு துளிப் புரதத்தின் அரிய செயலிழப்பும் கல்லீரல் நோயின் வாய்ப்பை 33 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. லட்சக்கணக்கானவர்களின் மரபணுத் தொகுதியில் எங்கு வேண்டுமானாலும் விடை கிடைத்திருக்கலாம். மூன்று முறையும் அது கொழுப்புத் துளியின் மேற்பரப்பில் கிடைத்தது என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பில் சொல்வதற்கு நிறைய உண்டு. முதல் ஆட்சேபம்: எடை குறைந்தால் கொழுப்பு குறைகிறது, கூடவே சேதமும் குறைகிறதே? உண்மைதான். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி நிலை நீங்கியது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பும் பின்வாங்கியது. ஆனால் எடை குறைப்பது துளியை மட்டும் தொடுகிற காரியம் அல்ல. கொழுப்புத் திசுவிலிருந்து கல்லீரலுக்கு வரும் கொழுப்பு அமிலத்தின் வெள்ளமே தணிகிறது. இன்சுலின் குறைவதால் கல்லீரல் புதிதாகக் கொழுப்பு தயாரிப்பதும் குறைகிறது. வரத்து குறைந்ததால் சேமிப்பு குறைகிறது. எலிச் சோதனையில் நடந்ததோ வரத்தை அப்படியே விட்டுவிட்டுச் சேமிப்பை மட்டும் தடுத்தது. இரண்டிலும் கொழுப்பு குறைந்தது, விளைவோ நேர் எதிர். கொழுப்பின் அளவு மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே பக்கம் போயிருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது, அதை எளிதில் தள்ள முடியாது. டிஜிஏடி-2ஐ அடக்கும் மருந்தை மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 160 பேரைக் கொண்ட இரண்டாம் கட்ட ஆய்வு 2025இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. எலிகளில் நேர்ந்த விபரீதம் நேரவில்லை, திசுவின் நிலை மேம்பட்டது. அப்படியானால் 2007இன் எலிகள் பொய் சொல்லிவிட்டனவா? அந்த எலிகளின் தீனியில் மெத்தியோனினும் கோலினும் விலக்கப்பட்டிருந்தன. கோலின் இல்லாத கல்லீரலால் கொழுப்பை ஏற்றுமதி செய்ய இயலாது. ஏற்றுமதியும் அடைபட்டு, சேமிப்பும் அடைபட்டால் செல்லுக்கு வழியே இல்லை. மனிதர்களிடம் ஏற்றுமதி வழி திறந்திருக்கிறது. போதாததற்கு, டிஜிஏடி-2 அடங்கும்போது கல்லீரல் புதுக் கொழுப்பு தயாரிக்கும் மரபணுக் கட்டளைகளும் தணிகின்றன என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, இந்த மருந்தும் வரத்தைக் குறைக்கும் மருந்தாகவே வேலை செய்கிறது. ‘துளி எப்போதும் நல்லது’ என்று யாராவது வாதிட்டால் அந்த வாதம் இந்த ஆய்வோடு விழுந்துவிடும். என் வாதம் அது அல்ல. வரத்து, சேமிப்பு, எரிப்பு, ஏற்றுமதி நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறவரை செல்லுக்குக் கேடு இல்லை. ஒத்துப்போக வைப்பது துளியின் தோல்.

மூன்றாவதாக ஒன்று: கல்லீரல் கொழுப்பைக் கூட்டும் மரபணு மாற்றங்களைப் பட்டியலிட்டால், எது எவ்வளவு கொழுப்பைக் கூட்டுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் சேதத்தையும் கூட்டுகிறது என்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு காட்டியிருக்கிறது. நீண்ட காலம் தேங்கும் கொழுப்பு நோய்க்குக் காரணமே என்பது அவர்கள் முடிவு. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பத்து, இருபது ஆண்டுகள் நிரம்பி வழியும் நிலையில் இருக்கும் துளியிலிருந்து கசிவு ஏற்படத்தான் செய்யும். ஆனால் விகிதம் பொருந்துவது சராசரியில். தனி மனிதரிடம் வந்தால் அது தடுமாறுகிறது. ஃபின்லாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தவர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தது. இன்சுலின் எதிர்ப்பால் கொழுப்பு ஏறியவர்களின் கல்லீரலில் நிறைவுற்ற கொழுப்பும் செராமைடுகளும் மிகுந்திருந்தன. பிஎன்பிஎல்ஏ-3 மாற்றத்தால் ஏறியவர்களின் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தும் செராமைடு கூடவில்லை, இன்சுலின் எதிர்ப்பும் இல்லை. அங்கே தேங்கியது பெரும்பாலும் பன்மடி நிறைவுறாக் கொழுப்பு. ஸ்கேனில் இரண்டும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். முதல் வகையினருக்கு நீரிழிவு, மாரடைப்பு பற்றிய கவலை முன்னால் நிற்க வேண்டும். இரண்டாம் வகையினருக்குக் கல்லீரலைப் பற்றிய கவலை.

அளவை நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொரு விசித்திரமும் உண்டு. நோய் முற்றிச் சிரோசிஸ் ஆகும்போது கல்லீரலில் இருந்த கொழுப்பு பல நேரம் காணாமலே போய்விடுகிறது. எரிந்து தீர்ந்த நிலை என்று நோயியல் மருத்துவர்கள் அதைச் சொல்வார்கள். காரணம் தெரியாத சிரோசிஸ் என்று முன்பு எழுதப்பட்டவர்களில் பலர் இப்படிக் கொழுப்பின் தடம் அழிந்த நோயாளிகள்தான் என்பது பிறகு புரிந்தது. அதாவது கல்லீரல் மிகவும் கெட்டிருக்கும் கட்டத்தில், கொழுப்பை மட்டும் அளப்பவர் ‘குறைந்துவிட்டது’ என்று எழுதக்கூடும். நோயாளிகளைப் பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளும் ஆயுளைத் தீர்மானிப்பது தழும்பின் கட்டம் என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. கொழுப்பின் கிரேடுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவும் வேண்டியதில்லை. வயது, இரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு நொதிகளின் அளவு, தட்டணுக்களின் எண்ணிக்கை, இந்த நான்கையும் கொண்டு போடும் ஃபிப்-4 கணக்கு 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. அதற்கு மேலே போனால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி ‘எத்தனை கிரேடு’ என்பதாக இருக்கத் தேவையில்லை. ‘தழும்பு இருக்கிறதா’ என்பதாக இருக்கலாம்.

எல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது என்றால் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. பிஎன்பிஎல்ஏ-3 மாற்றம் ஒல்லியானவரிடம் ஏறக்குறைய தூங்குகிறது. எடை ஏற ஏறத்தான் அதன் வீரியம் பல மடங்காகத் தெரிகிறது என்று 2017இல் டல்லாஸ், கோபன்ஹேகன் மக்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. துளிக்கு வேலை வைக்காவிட்டால், கோளாறான தோலும் காலம் தள்ளிவிடும். ஆனால் ஒல்லியாக இருப்பதே பாதுகாப்பு என்று நம் பக்கத்தில் எண்ணிவிட முடியாது. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் செய்து 2010இல் வெளியான ஆய்வில் 8.7 சதவீதத்தினருக்கு ஃபேட்டி லிவர் இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல் நிறை குறியீட்டெண் 25க்குக் கீழே. கொழுப்புத் திசுவின் கொள்ளளவு குறைவாக உள்ள உடலில், வெளியே மெலிவாகத் தெரியும்போதே கல்லீரல் நிரம்பிவிடும். செய்பின் இல்லாதவர்களுக்கு உச்சகட்டமாக நேர்வது, தெற்காசியர் பலருக்கு மெல்லிய அளவில் நேர்கிறது என்றுகூடச் சொல்லலாம். எந்தக் கொழுப்பு என்பதும் பொருட்டே. ஆட்களுக்கு மூன்று வாரம் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், கூடுதல் முழுவதும் நிறைவுற்ற கொழுப்பாக இருந்தவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55 சதவீதம் ஏறியது. சர்க்கரையாக இருந்தவர்களுக்கு 33. நிறைவுறாக் கொழுப்பாக இருந்தவர்களுக்கு 15. கலோரி ஒன்றேதான். குடியைப் பொறுத்தவரை, ‘குடியால் வந்தது, குடிக்காமல் வந்தது’ என்று நோயை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஒழுக்கக் கேடாகவும் மற்றதை விதியாகவும் பேசுவது இந்தப் புரதங்களின்முன் நிற்காது. அதே பிஎன்பிஎல்ஏ-3, அதே எச்எஸ்டி17பி13 இரண்டு நோயிலும் தீர்ப்பு எழுதுகின்றன. 2023இல் நோயின் பெயரிலிருந்து ‘குடி சாராத’ என்ற அடைமொழியை எடுத்துவிட்டு, வளர்சிதை மாற்றக் கோளாறோடு தொடர்புடைய நோய் என்று மாற்றினார்கள். தாமதமான திருத்தம், ஆனாலும் சரியானது.

மருந்துகளின் கதையையும் இதே கண்ணோட்டத்தில் படிக்கலாம். ரெஸ்மெட்டிரோம், இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் 2024 மார்ச்சில் அனுமதி பெற்ற முதல் மருந்து. தைராய்டு ஹார்மோனின் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைக் கல்லீரலில் தூண்டி கொழுப்பை எரிக்க வைப்பது. 966 பேரிடம் நடந்த சோதனையில் கூடிய அளவு பெற்றவர்களில் 29.9 சதவீதத்தினருக்கு அழற்சி நிலை நீங்கியது, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9.7 சதவீதத்தினருக்கு, தழும்பு குறைந்தது 25.9 சதவீதத்தினருக்கு, எதிரே 14.2. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் பத்தில் ஏழு பேரின் கல்லீரல் அதற்கு மசியவில்லை. எடையைக் குறைக்கும் செமக்ளுடைடுக்கு 2025 ஆகஸ்டில் அதே அனுமதி கிடைத்தது. அது வரத்தைக் குறைக்கிற வழி. துளியின் தோலையே குறிவைக்கும் முயற்சிகள் இப்போதுதான் மனிதர்களை எட்டியிருக்கின்றன. மாறிய பிஎன்பிஎல்ஏ-3ஐக் கல்லீரல் தயாரிக்காதபடி ஆர்என்ஏ மட்டத்திலேயே வாயடைக்கும் ஊசி மருந்தின் முதல் சோதனையில், அந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளையும் சுமந்தவர்களின் கல்லீரல் கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. ஒரே பிரதி சுமந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஸ்கேனில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பேருக்கு ஒரே மருந்து பொருந்தாமல் போகும் காலம் வருகிறது என்றால், மரபணுப் பரிசோதனை யாருக்குச் செய்வது, அதன் செலவை யார் ஏற்பது, மாவட்ட மருத்துவமனையில் அது எப்போது கிடைக்கும் என்ற கேள்விகளும் கூடவே வருகின்றன. நூறில் முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் இருக்கும் நாட்டில், அவற்றுக்கு விடை கண்டாக வேண்டியவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்கள்.